பாலிஷ்காரரின் மகளுக்கு ஒரு வண்டி

பழைய கார் சந்தையில் அவரைப் பாலிஷ்காரர் என்றால்தான் தெரியும். பெயரைச் சொல்லி விசாரித்தால் அப்படி யாரும் இங்கே இல்லையே என்பார்கள். வெயிலில் நின்று நிறம் செத்துப்போன பானட்டை ஒரு மதியத்துக்குள் முகம் பார்க்கும்படி ஆக்கிவிடுவாராம். கார் கழுவும் கொட்டகையில் வாளி தூக்கத் தொடங்கியவர், துணி பிடிக்கக் கற்றார், பிறகு மெழுகு, பிறகு பேச்சு. வாய் வந்த பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தரகராகிவிட்டார். வண்டி வாங்க வருகிறவர் முதலில் டயரை எட்டி உதைப்பாராம். உதைக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது என்பது அவருடைய கணக்கு. உதைக்காமல் குனிந்து பார்க்கிறவரிடம்தான் கொஞ்சம் பார்த்துப் பேசுவார்.

இதெல்லாம் அவருடைய மனைவியும் மகளும் சொல்லி நான் தெரிந்துகொண்டவை. நோயாளிகள் பராமரிப்பு நிறுவனம் என்னை அந்த வீட்டுக்கு அனுப்பியபோது அவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் முழுவதும் விழுந்திருந்தது. வாயில் மிஞ்சியது மூன்று சொற்கள்: ‘சரி’, ‘இல்ல’, ‘போ’. பேச்சு போனால் புத்தியும் போய்விட்டது என்று வீட்டார் பலர் நினைத்துக்கொள்வார்கள். நோயாளியை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிக் குசுகுசுப்பார்கள். இவருக்குப் புத்தி அப்படியே இருந்தது. கஞ்சியில் உப்பு குறைந்தால் ‘இல்ல’. தொலைக்காட்சியில் கார் விளம்பரம் வந்தால் ‘போ’.

மனைவி ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பறையில் வேலை பார்த்தார். நல்ல உழைப்பாளி, சிடுசிடுப்புக்காரி. வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே குறை சொல்லத் தொடங்கிவிடுவார். அந்தச் சம்பளத்தில் அந்த வீடு ஓடாது. சந்தையில் பாலிஷ்காரரின் கூட்டாளி இன்னமும் இருவர் பெயரிலும் தொழில் நடத்தி, மாதா மாதம் பங்கைக் கொண்டுவந்து கொடுத்தார். வாடகை, மருந்து, என் சம்பளம் எல்லாம் அதிலிருந்துதான். கூட்டாளி வந்தால் மனைவி நல்ல கோப்பையை எடுப்பார்.

மகளுக்குப் பதினெட்டு வயது. அந்த வீட்டில் பாலிஷ்காரரைப் பார்த்துச் சிரிக்கிற ஆள் அவள் ஒருத்திதான். நான் வந்த முதல் வாரமே அவரைத் தூக்கும் முறையை என்னிடம் கேட்டுக் கற்றுக்கொண்டாள். சாயங்காலச் சாப்பாடு அவள் கையால்தான். ஊட்டும்போது சந்தைக் கதைகளை அவருக்கே திருப்பிச் சொல்லுவாள். அவளைச் சின்ன வயதில் சந்தைக்கு அழைத்துப்போய், கார்க் கதவுக்கும் வண்டியின் உடம்புக்கும் உள்ள இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்க்கச் சொல்லுவாராம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை உருவி, வெள்ளத்தில் நின்ற கறை இருக்கிறதா என்று பார்க்கவும், தரைவிரிப்பைத் தூக்கி மோந்து பார்க்கவும் அவரே கற்றுக்கொடுத்தார். “எங்கப்பா வித்த வண்டில யாரும் ஏமாந்ததில்ல” என்று அவள் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள். மனைவி பக்கத்தில் இருந்தால் அந்த நேரம் பார்த்து அடுப்படிக்குப் போய்விடுவார். அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஊருக்கு வெளியே ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் மகளுக்குப் பயிற்சி வேலை கிடைத்தது. மாவையும் ரொட்டியையும் சோதித்துப் பார்க்கும் பிரிவு. பயிற்சி முடித்தால் நிரந்தரம். ஷிஃப்ட் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். அந்த நேரத்துக்குப் பேருந்து கிடையாது, கம்பெனி வண்டியும் வராது. குறித்த நாளில் போய் நிற்காவிட்டால் பட்டியலில் அடுத்து இருக்கிறவளுக்கு இடம் போய்விடும். ஓட்டுநர் உரிமம் கையில் வந்து மை காயவில்லை, அதற்குள் வண்டி தேவைப்பட்டுவிட்டது. புது வண்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. பழையதிலும் மலிவானதாக, ஆனால் பாதி வழியில் நிற்காததாக ஒன்று வேண்டும்.

தேட ஆரம்பித்தார்கள். முதலில் ஓய்வுபெற்ற ஒருவருடைய நீளமான கார். உள்ளே ஏறினால் பூக்கடை வாசனை. அவள் பெல்ட்டை உருவினாள். முனையில் மண் கோடு. “சென்ட் அடிச்சு சுத்தமா வெச்சிருக்கேம்மா” என்றார் அவர். “அதான் கேக்குறேன் அங்கிள், எதுக்கு அடிச்சீங்க?” என்றாள் இவள். அடுத்தது மனைவி வேலை பார்த்த பல் மருத்துவருடைய வண்டி. டயர்கள் பல் பிடுங்கிய ஈறு மாதிரி வழவழவென்று இருந்ததாக அம்மாவும் மகளும் வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தார்கள். அந்த இருவரும் சேர்ந்து சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். மூன்றாவது வண்டியில் கதவைத் தூக்கித்தான் சாத்த வேண்டும். பழகிவிடும் என்றாராம் சொந்தக்காரர். “பழகிட்டா அப்புறம் போற இடத்துல எல்லாம் கதவத் தூக்குவேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். ஒவ்வொரு வண்டியின் படத்தையும் ஃபோனில் அப்பாவிடம் காட்டுவாள். அவர் ‘இல்ல’ என்பார். அவருக்கு அதில் சந்தோஷம். படுத்துக் கிடக்கிற மனிதரிடம் ஒரு காரியத்துக்கு யோசனை கேட்டால் நாடித்துடிப்பே நன்றாக இருக்கும்.

நாள் நெருங்க நெருங்க மனைவிக்குப் பொறுமை போனது. வெளியே எங்கேயும் போய் ஏமாற வேண்டாம், நம் கூட்டாளியிடமே கேட்கலாம், நம்மை ஏமாற்ற மாட்டார் என்றார். வாழ்நாள் முழுக்க ஊரை ஏமாற்றுகிற தொழிலுக்குள் இருந்தவர்கள், தொழிலுக்கு உள்ளே இருக்கிறவன் தங்களை மட்டும் விட்டுவைப்பான் என்று நம்பினார்கள். கூட்டாளி உடனே ஒரு வண்டி இருக்கிறது என்றார். சின்ன வெள்ளைக் கார். ஒரு டீச்சர் ஓட்டியது. வாசலுக்கே கொண்டுவந்து தருகிறேன் என்றார். மகள் கேட்கவில்லை. அப்பா வந்து பார்க்க வேண்டும் என்று நின்றாள்.

அவரைச் சந்தைக்குக் கொண்டுபோனோம். இடுப்பை முதலில் இருக்கையில் வைத்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, தலை இடிக்காமல் பார்த்து ஒருவழியாக வாடகைக் காரில் ஏற்றினேன். அங்கே அவரைப் பார்த்ததும் நாலு பக்கமும் இருந்து ஆட்கள் வந்தார்கள். அண்ணே, அண்ணே என்று அழைத்து, விழுந்துபோன கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். தோள் மூட்டு கழன்றுவிடும், விடுங்கள் என்று நான் சத்தம் போட வேண்டியிருந்தது. அவர் முகம் மலர்ந்திருந்தது.

வெள்ளைக் கார் பளபளவென்று நின்றது. மகள் கதவு இடைவெளியில் விரலை விட்டாள். பெல்ட்டை உருவினாள். விரிப்பை மோந்தாள். டயர் பரவாயில்லை, கண்ணாடியில் கீறல் இல்லை. அவள் கண் அகலமாகிவிட்டது. ஸ்டியரிங்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். “அப்பா, இதுதாம்ப்பா” என்றாள்.

அவர் ஓட்டுநர் இருக்கையைக் காட்டினார். எதற்கு அண்ணனைச் சிரமப்படுத்துகிறீர்கள் என்றார் கூட்டாளி. அதெல்லாம் சிரமமில்லை என்று நான் தூக்கி உட்கார வைத்தேன். சாவியைத் திருப்பச் சொல்லி மகளுக்குச் சைகை செய்தார். அவள் எட்டி முதல் திருப்புத் திருப்பினாள். எஞ்சின் ஓடவில்லை, டேஷ்போர்டில் விளக்குகள் மட்டும் வரிசையாக எரிந்து அணைந்தன. அவர் மறுபடி என்று விரலைச் சுழற்றினார். மறுபடி எரிந்து அணைந்தன. அவர் முகத்தில் இருந்த மலர்ச்சி போய்விட்டது.

“இல்ல” என்றார்.

அண்ணனுக்கு எந்த வண்டிதான் பிடித்திருக்கிறது என்று கூட்டாளி சிரித்தார். பாலிஷ்காரர் நல்ல கையின் விரலால் டேஷ்போர்டில் ஓர் இடத்தைத் தட்டினார். அங்கே ஒன்றும் எரியவில்லை. பிறகு ஸ்டியரிங்கின் நடுவில் தட்டினார். மறுபடி காலி இடத்தைத் தட்டினார். மகள் அந்தக் காலி இடத்தைக் குனிந்து பார்த்தாள். பக்கத்தில் நின்ற வேறொரு காரின் சாவியை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு வந்தாள். அதில் ஏர்பேக் விளக்கு, அதாவது மோதினால் விரிந்து ஆளைக் காக்கும் பைக்கான விளக்கு, எரிந்து அணைந்தது. இதில் எரியவே இல்லை. சீட் பெல்ட்டையும் விரிப்பையும் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவர் இதை மட்டும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

“சித்தப்பா, இதுல ஏர்பேக் இல்லையா?”

இருந்தது, ஒரு விபத்தில் வெடித்துவிட்டது என்று கூட்டாளி மென்று விழுங்கினார். புதுப் பை வைத்தால் வண்டி விலையில் பாதி போய்விடும். பெல்ட் போட்டால் போதும், பையெல்லாம் கூடுதல் சௌகரியம்தான் என்றார். அவள் விடவில்லை. எனக்குப் போய் இதைத் தலையில் கட்டப் பார்த்தீர்களே என்றாள். சுற்றி ஆட்கள் நின்றார்கள். அந்த ஆளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“நான் என்ன பாப்பா புதுசா பண்ணிட்டேன்? வெடிச்ச பைய வெட்டி எறிஞ்சு, மூடிய ஒட்டி, வெளக்கப் புடுங்கினது யாருன்னு உங்கப்பாவக் கேளு. டீச்சருக்கு வித்ததும் அவருதான். இந்த ஒரு வண்டியா? வித்தையச் சொல்லிக் குடுத்ததே அண்ணன்தான்.”

அவள் காருக்குள் குனிந்து அப்பாவைப் பார்த்தாள். அவர் விரல் இன்னமும் டேஷ்போர்டின் மேல் இருந்தது. ‘இல்ல’ என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் அவரிடம் இருந்தது. சொல்லவில்லை.

அம்மா, உனக்குத் தெரியுமா என்று திரும்பிக் கேட்டாள். மனைவி கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டார். “வாடகை வேற எங்கேருந்து வந்துச்சுன்னு நெனச்ச?” என்றார்.

நான் அவரை இறக்கிச் சக்கர நாற்காலியில் வைத்து நிழலுக்குத் தள்ளிக்கொண்டுபோனேன். அவருக்கு வியர்த்திருந்தது. தண்ணீரை ஸ்பூனில் கொடுத்தேன். வாடகைக் கார் வரும்வரை காத்திருந்தோம். இத்தோடு முடிந்திருந்தால் அந்தப் பெண் அவரை மன்னித்திருப்பாள் என்றே நினைக்கிறேன். அதற்கான வழியை அவளே தேடிக்கொண்டிருந்தாள். அப்பா எனக்காகத்தானே காட்டிக்கொடுத்தார், தன் மானம் போகும் என்று தெரிந்தும் விரலை நீட்டினாரே என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

அப்போது ஒரு குடும்பம் வந்தது. சலவைக் கடை வைத்திருப்பவர், மனைவி, அவர்களுடைய பெண். இவள் வயதுதான் இருக்கும். பெண்ணுக்கு முதல் வண்டி. கடைத் துணிகளை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க அவள் ஓட்டப்போகிறாளாம். வெள்ளைக் காரைப் பார்த்ததும் அந்தப் பெண் நின்றுவிட்டாள். கூட்டாளிக்குக் குரல் திரும்ப வந்துவிட்டது. ஒரே கையில் இருந்த வண்டி, டீச்சர் ஓட்டியது, ஞாயிற்றுக்கிழமை வெளியிலேயே எடுக்க மாட்டார் என்று ஆரம்பித்தார். சலவைக்காரர் டயரை எட்டி உதைத்தார்.

மகள் அப்பாவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் தகரக் கூரையைப் பார்த்தார்.

சலவைக்காரர் விவரம் கேட்க ஆள் தேடினார். சந்தையில் எல்லோரும் வந்து வணங்கிப் போகிற பெரியவர் இவர் என்று கண்டுகொண்டார் போல. நேரே நாற்காலிக்கு வந்து குனிந்தார். “பெரியவரே, நீங்க இந்தத் தொழில்ல பழுத்தவர்னு சொல்றாங்க. எம்பொண்ணு ஓட்டப்போறா. வண்டி எடுக்கலாமா?”

கூட்டாளி அங்கிருந்து பாலிஷ்காரரையே பார்த்தார். மனைவியும் பார்த்தார்.

“சரி” என்றார் பாலிஷ்காரர்.

நோயாளிகளுக்கு வாய் குழறும், வேறு சொல்லை நினைத்து ஒரு சொல் வந்துவிடும் என்று அவருக்காக வாதாடலாம். நான் அவரோடு நாள் முழுக்க இருக்கிறவள். அவர் தெளிவாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுத் தலையையும் ஆட்டினார்.

சலவைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். நாலு எட்டு வைத்திருக்க மாட்டார், மகள் குறுக்கே போய் நின்றாள். அந்த வண்டியில் ஏர்பேக் கிடையாது, விளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள், சாவியைத் திருப்பிப் பாருங்கள் என்று சத்தமில்லாமல் சொன்னாள். உனக்கு எப்படித் தெரியும் என்றார் அவர். “பண்ணினது எங்கப்பா” என்று நாற்காலியைக் காட்டினாள்.

சலவைக்காரர் போய்ச் சாவியைத் திருப்பிப் பார்த்தார். அதற்குள் ஏறி உட்கார்ந்திருந்த அவருடைய பெண் காரைவிட்டு இறங்கிவிட்டாள். கிளம்புவதற்கு முன் அவர் மறுபடி நாற்காலிக்கு வந்தார். அடித்துவிடுவாரோ என்று நான் முன்னால் நகர்ந்தேன். “நீங்களும் புள்ள பெத்தவர்தானே” என்று கேட்டார். “போ” என்றார் பாலிஷ்காரர்.

இனிமேல் பங்கு என்று யாரும் தன் வாசலுக்கு வரக் கூடாது என்று கூட்டாளி எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். நல்ல கோப்பைக்கு அதன்பிறகு வேலையில்லாமல் போயிற்று. வாடகைக் காரில் திரும்பும்போது மனைவி வழி நெடுக மகளைத்தான் ஏசினார். ஊரான் பெண்ணுக்கு நியாயம் பேசினாயே, நாளைக்கு மாத்திரை வாங்க அவன் வருவானா, உண்மையைப் பேசினால் உலை கொதிக்குமா என்று கேட்டார். கணவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகள் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரே ஒரு தடவை வாய் திறந்தாள்.

“எனக்குன்னதும் கண்ணு தெரிஞ்சுது இல்ல, அதாம்மா என்னால தாங்க முடியல.”

மறுநாள் சாயங்காலம் அவள் ஊட்ட வரவில்லை. நீங்களே கொடுத்துவிடுங்கள் என்று என்னிடம் சொன்னாள். அவர் வாயை மூடிக்கொண்டார். பசி வந்தால் திறப்பார் என்று விட்டேன், திறந்தார்.

வேலைக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின நாளே அவள் பெட்டியைக் கட்டினாள். தொழிற்சாலைக்குப் பக்கத்தில் அங்கே வேலை செய்கிற பெண்கள் சேர்ந்து எடுத்திருந்த அறையில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. நடந்தே வேலைக்குப் போய்விடலாம். மனைவி மறிக்கவில்லை, வண்டி வாங்குவதைவிட இது மலிவு என்றார். பங்கு நின்றதால் என்னை முழு நாளிலிருந்து அரை நாளாகக் குறைத்தார்கள். நான் இல்லாத நேரத்தில் அவரைத் திருப்பிப் போட ஆள் இல்லாமல் முதுகில் புண் வந்தது. அதை ஆற்ற நான் பட்ட பாடு வேறு கதை. மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தாள். சம்பளத்தில் ஒரு பகுதியை அம்மாவிடம் கொடுத்தாள். அவருக்குப் புண்ணைத் துடைத்துக் கட்டினாள், நகம் வெட்டினாள், விழுந்த கையை எண்ணி எண்ணி மடக்கி நீட்டினாள். நான் கற்றுக்கொடுத்தபடி ஒரு தவறு இல்லாமல் செய்தாள். பேச்சு மட்டும் கிடையாது. சந்தைக் கதைகளும் கிடையாது. அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து பார்ப்பார். வருவது அந்த மூன்று சொற்கள்தான். அவள் பொறுமையாக விரல்களைப் பிரித்துவிட்டு, அடுத்த வேலைக்குப் போய்விடுவாள்.

பயிற்சி முடிந்து வேலை நிரந்தரமான பிறகு அவள் ஒரு வண்டி வாங்கினாள். பழையதுதான். அறையில் கூட இருக்கிற ஒருத்தியும் ஒரு மெக்கானிக்கும் கூடப் போனார்களாம். வீட்டில் யாரிடமும் படம் காட்டவில்லை. வாங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிக்கொண்டு வந்து மாடி வீட்டுக்குக் கீழே நிறுத்தினாள். சாம்பல் நிறம், ஒரு பக்கம் லேசாக நசுங்கல், மெழுகு கண்டே பல நாள் ஆகியிருக்கும்.

கீழே போக வேண்டும் என்று அவர் என்னிடம் சைகை காட்டினார். வயதான உடம்பை அதிகம் அலைக்கழிக்க வேண்டாம் என்று மறுத்துப் பார்த்தேன். கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தார். சட்டை மாற்றி, தலை சீவி, கீழே கொண்டுவந்தோம். அவர் காரை ஒரு சுற்று பார்த்தார். பிறகு ஓட்டுநர் இருக்கையை நோக்கி விரலை நீட்டினார்.

மகள் அந்தக் கதவைத் திறக்கவில்லை.

“பாத்தாச்சுப்பா” என்றாள். “மெக்கானிக் பாத்துட்டாரு.”

அவர் விரல் நீட்டியபடியே இருந்தது. மனைவி குறுக்கே வந்து, சரி, முன்னால் பக்கத்து சீட்டிலாவது உட்கார வைத்து ஒரு சுற்று கூட்டிக்கொண்டு போயேன், ஆசைப்படுகிறார் இல்லையா என்றார். நானும் அதையே சொன்னேன்; முன்பக்கத்துக் கதவு அகலம், தூக்கி வைக்க எளிது.

“பின்னாடி உக்காரட்டும்” என்றாள்.

பின்கதவு குறுகல். இடுப்பை உள்ளே தள்ளிக் காலைத் திருப்புவதற்குள் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பெல்ட்டை அவளே மாட்டிவிட்டு, இழுத்துப் பார்த்து, முன்னால் போய் உட்கார்ந்தாள். தெருவைச் சுற்றி ஓட்டிக்கொண்டு வந்து அதே இடத்தில் நிறுத்தினாள். நன்றாகத்தான் ஓட்டினாள். வழியில் என்ன பேசினார்கள் என்று மனைவி கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்றாள். அவரை இறக்குவது ஏற்றியதைவிடக் கடினமாக இருந்தது. கொஞ்சம்கூட ஒத்துழைக்காமல், கல் மாதிரி உட்கார்ந்திருந்தார்.